பாந்த்ராவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்

786
கள்ளக்குறிச்சி
9-9-1978

தங்கச்சி ஷர்புன்னிசாவுக்கு, அண்ணன் கலீலுல்லா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. எல்லாரும் சௌக்கியம். பதினோரு வருஷமாக நோன்புப் பெருநாள்தோறும் நீ போடுகிற கார்டு எல்லாம் வந்து சேர்ந்தது. இந்த வருஷத்துக் கார்டும் வந்தது. நான் ஏன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இப்போது கிளற வேண்டாம்.

என் மகள் ரஹ்மத்துக்குப் பத்தொன்பது வயது ஆகிறது. உளுந்தூர்பேட்டையில் ரோட்டு மேல் சாப்பாட்டு ஓட்டல் வைத்திருக்கும் இப்ராகிம் சாயபு வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன்தான் ஓட்டலைப் பார்த்துக்கொள்கிறான். நல்ல குணம். உன் அண்ணி காசிம் பீவிக்கும் திருப்தி. பேச்சு முக்கால்வாசி முடிந்த மாதிரிதான்.

விஷயம் என்னவென்றால், இப்ராகிம் சாயபுவுக்கும் அவர் சம்சாரம் ஹாஜராவுக்கும் இந்த வருஷம் ஹஜ் குலுக்கலில் பெயர் வந்திருக்கிறது. அக்டோபர் மாதம் பம்பாயில் கப்பல் ஏறுகிறார்கள். அதற்கு முன்னால் ஹாஜிகள் தங்குகிற முசாபர்கானாவில் நாலைந்து நாள் இருப்பார்களாம். "பொண்ணோட அத்தை பாந்த்ராவுலதான கீறாங்க, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறோம்" என்று அந்தம்மா சொல்லிவிட்டார்கள்.

நீ பாந்த்ராவில் இருப்பதாக ஊரில் சொல்லியிருப்பது நான்தான். எப்படிச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதெல்லாம் நேரில் பேச வேண்டிய விஷயம். தாராவி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேளை. பாந்த்ராவில் உனக்குத் தெரிந்தவர்கள் வீடு இருந்தால் அங்கே வைத்து அவர்களுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடு. அன்றைக்கு உன் வீட்டுக்காரர் அப்துல் ஜலீல் வேலைக்குப் போயிருந்தால் நல்லது. ரஹ்மத்துக்காகக் கேட்கிறேன்.

கலீலுல்லா


தாராவி, பம்பாய்
18-9-1978

அன்புள்ள அண்ணனுக்கு, ஷர்பு எழுதறது. உங்க மேலயும் அண்ணி மேலயும் ரஹ்மத் மேலயும் அல்லாவோட சாந்தி உண்டாகட்டும்.

கடுதாசி வந்தப்ப மழை விட்டும் விடாமலும் பெய்துகிட்டிருந்தது. கவர் மேல உங்க கையெழுத்து. பிரிக்காம மடியில வச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துல என்னென்னமோ நினைச்சேன். அண்ணன் கோவம் தீர்ந்து எழுதியிருக்காருன்னு நினைச்சேன். சின்னதுல அத்தா குதிரை மேல துணி மூட்டை கட்டிக்கிட்டு கல்வராயன் மலைச் சந்தைக்குப் போவாரே, திரும்பி வரும்போது தூரத்துல மணி சத்தம் கேட்டதும் நீங்க என் கையைப் புடிச்சிக்கிட்டு ஓடுவீங்க. அந்த மாதிரி ஓடி வர்றாருன்னு நினைச்சேன். அப்புறம் பிரிச்சேன்.

உங்க மச்சானும் படிச்சாங்க. நான் மறைக்கல. படிச்சிட்டு மடிச்சுக் குடுத்து, "அன்னிக்கு எனக்கு வேலை இருக்கும்னு எழுதிடு"ன்னாங்க. நான் அப்படி எழுத மாட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி "தோலுக்கு உப்பு போடறவன் இந்த வாசப்படி ஏறக்கூடாது"ன்னு நீங்க சொன்னீங்க. அது உங்க வாசப்படி, நீங்க சொன்னீங்க. என் வாசப்படிக்கும் நீங்களே சட்டம் போடறீங்களே அண்ணே.

உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? பாந்த்ரா எனக்கு தினமும் தெரியும். எங்க வூட்டு மேல்தட்டுல ஒரு சின்ன ஓட்டை கீது. அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்துதான் நான் கைப்பைக்கு உள்துணி தைக்கிறேன். தலை நிமிர்ந்தா உப்பங்கழி. தண்ணி பாதி, சேறு பாதி, நடுவுல பச்சைச் செடி. அதுக்கு அந்தாண்ட பாந்த்ரா. காலையில பனியில ஒண்ணும் தெரியாது. வெயில் ஏற ஏற ஒவ்வொரு கட்டடமா யாரோ வரைஞ்சு வைக்கிற மாதிரி வரும். மழைக்காலத்துல அதுக்கு மேல மேகம் நீலமா தணிஞ்சு நிக்கும்போது மலை மாதிரியே இருக்கும். நம்ம மொட்டை மாடியிலேர்ந்து கல்வராயன் எப்படித் தெரியும், அப்படி. நான் ஊசியைக் கையில வச்சிக்கிட்டு பார்த்துக்கினே இருப்பேன். பதினோரு வருஷமா பார்க்கிறேன். ஒரு நாளும் அங்க போனதில்ல.

ரயில்ல ஒரே ஒரு ஸ்டேஷன்தான். எங்களுக்கு மாஹிம். அடுத்தது பாந்த்ரா. போறதுக்கு ஒரு காரணம் வரல.

எத்தனையோ பேட்டை இருக்க, பாந்த்ரான்னு ஏன் சொன்னீங்க? அதை எழுதுங்க. நீங்க கேட்டதுக்கு அப்புறம் பதில் சொல்றேன்.

ஷர்பு


786
கள்ளக்குறிச்சி
25-9-1978

தங்கச்சிக்கு, சலாம்.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். நீ போன ஆறாவது மாதம் என்று நினைக்கிறேன். கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருப்பேனே, குடை ரிப்பேருக்கும் டிரங்குப் பெட்டிக்கும் வருகிறவர்கள் உட்கார. அன்றைக்கு மணலூர்பேட்டை பச்சமுத்து ஆலையில் கரும்புக்கு வெட்டு உத்தரவு வாங்க வந்தவர் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்திலிருந்து வந்துவிட்ட வடக்கனந்தல் ராஜாங்கமும் இருந்தார். பேச்சு எங்கோ சுற்றி, நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த பேட்டை எது என்று வந்து நின்றது.

ஊர் இல்லை, பேட்டை. மெட்ராஸ், டில்லி என்று சொல்லக்கூடாது. அதற்குள் இருக்கிற பேட்டையைச் சொல்ல வேண்டும். கேட்கிறவன் எந்த மூலையில் இருந்தாலும் "ஓ, அதுவா" என்று சொல்ல வேண்டும். பச்சமுத்து கோடம்பாக்கம் என்றார். ராஜாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. நம்மவனுக்குத்தான் கோடம்பாக்கம், பஞ்சாபிக்காரனுக்குத் தெரியாது, பட்டாளத்தில் தன்னை எந்த ஊர் என்று கேட்டபோது கள்ளக்குறிச்சி என்று சொல்லி ஒருத்தனுக்கும் விளங்காமல், கடைசியில் தாம்பரம் என்று சொன்னதும்தான் தலையாட்டினார்கள் என்றார். கரோல் பாக் என்றார், ஹவுரா என்றார். ஹவுரா பேட்டையா, தனி ஊரா என்று அதற்கு ஒரு சண்டை. பக்கத்தில் லாரிக்கு நின்ற ஓர் ஆள், "இன்னாங்க, தாராவிய வுட்டுட்டீங்க? அது தெரியாதவன் யாரு?" என்றான்.

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத முடியவில்லை. யாரும் என்னை நினைத்துச் சிரிக்கவில்லை, அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அப்போது பச்சமுத்து என்னைப் பார்த்து, "ஒங்க தங்கச்சிகூட பம்பாயிலதான கீறாங்க, எங்க?" என்று கேட்டார். பாந்த்ரா என்று சொல்லிவிட்டேன். எங்கேயோ ஒரு பத்திரிகையில் படித்த பெயர், சினிமாக்காரர்கள் இருக்கிற இடம் என்று. "அடேயப்பா" என்றார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

அடுத்தடுத்துக் கேட்டார்களே. வீடு எப்படி, சொந்தமா, கடல் தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெள்ளைத் திரை வந்தது. இரண்டு அறை, காற்று, வாசலில் ஒரு நாற்காலி. உண்மையைச் சொல்கிறேன் ஷர்பு, சில மத்தியானங்களில் கடையில் ஆள் இல்லாதபோது கண்ணை மூடினால் நீ அந்த ஜன்னலில் நிற்பாய். திரை உன் மேல் பட்டுப் பட்டு விலகும். நன்றாக இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். கண்ணைத் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த நிம்மதி இருக்கும்.

ரஹ்மத் இதுவரை என்னிடம் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. அந்தப் பையனைப் பற்றி அவள் அம்மாவிடம் "சரி" என்று சொன்ன அன்று, சமையல்கட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கலீலுல்லா


தாராவி
3-10-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பாந்த்ரா போயிட்டு வந்தேன்.

பக்கத்து வூட்டு ஜெயம்மாள் செஞ்சிப் பக்கத்துக்காரி. பாந்த்ராவுல ஒரு கட்டடத்துல நாலு வூட்டுக்குப் பாத்திரம் தேய்ச்சு, துணி துவைச்சுக் குடுக்கறா. ஆறாவது மாடியில ஒரு குடும்பம் புனாவுக்குப் போயிருக்காங்க, இருபது தேதிக்கு மேலதான் வருவாங்களாம். செடிக்குத் தண்ணி ஊத்த சாவி இவகிட்ட கீது. உங்க கடுதாசியை நான் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "ஒரு மணி நேரந்தான? வாக்கா, யாருக்குத் தெரியப்போவுது"ன்னா.

அண்ணே, நீங்க சொன்ன வூடுதான் அது. நான் சத்தியமா சொல்றேன். கதவைத் திறந்ததும் வெள்ளைத் திரை. ரெண்டு அறை. ஜெயம்மாள் செடிக்குத் தண்ணி ஊத்தப் போனா. நான் செருப்பை வெளியிலேயே விட்டுட்டு, நாற்காலியில ஓரமா உட்கார்ந்தேன். அப்புறம் கொஞ்சம் சாஞ்சு உட்கார்ந்தேன். கடல் காத்து வந்தது. திரை என் தோள் மேல பட்டது, விலகிச்சு. கண்ணு தானா சொக்கிப்போச்சு.

அப்படியே தூங்கிட்டேனா முழிச்சிருந்தேனா தெரியல. இந்த வூட்ல ஒரு ஷர்புன்னிசா பதினோரு வருஷமா இருந்துக்கினு கீறா. நீங்கதான் கொண்டுவந்து வச்சீங்க. அவ கையில ஊசித் தழும்பு இல்ல. அவ மேல வாடை அடிக்காது. அவளைப் பத்தி யார் கேட்டாலும் அவ அண்ணன் தலை நிமிர்ந்து சொல்வாரு. எனக்கு அவ மேல பொறாமையா வந்தது. அவளுக்கு நல்ல வூடு கீதுன்னு இல்ல. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தாரே, அதுக்கு.

எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனேன். பின் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா எங்க பக்கம். தண்ணிக்கு இந்தாண்ட புகை, தகரக் கூரை, தோல் காயப்போட்ட மைதானம். நான் தினம் உட்கார்ற ஓட்டை எதுன்னு தேடினேன். கண்டுபிடிக்க முடியல. அங்கேர்ந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். அந்தப் பக்கத்துலேர்ந்து நான் ராணி வூடு மாதிரி பார்த்த கட்டடத்துல நின்னுக்கிட்டு, என் வூட்டையே எனக்கு அடையாளம் தெரியல. அழுகை வந்துடிச்சு. ஜெயம்மாள் பயந்துபோயி, "இன்னாக்கா"ன்னா. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அவங்க ரெண்டு பேரையும் 12ஆம் தேதி வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு பாந்த்ரா ஸ்டேஷன்ல இறங்கச் சொல்லுங்க. மேற்கு வாசல்ல நான் நிப்பேன். நீலப் புடவை, வெள்ளைத் துப்பட்டி. மீதியை அல்லா பார்த்துப்பான்.

ஷர்பு


786
கள்ளக்குறிச்சி
8-10-1978

தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. மார்பிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நீ எழுதியிருந்த மற்ற விஷயங்களையும் படித்தேன். திரும்பவும் படித்தேன். அவற்றுக்கு நான் என்ன எழுதினாலும் சரியாக வராது.

இன்று காலை இருவரும் உளுந்தூர்பேட்டையிலிருந்து மெட்ராசுக்கு பஸ் ஏறினார்கள். நானும் போய் வழியனுப்பினேன். நீ சொன்ன நாள், நேரம், வாசல் எல்லாம் சொல்லிவிட்டேன். மலைத்தேன் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கரியாலூர் சந்தையில் வாங்கியது. இருமலுக்கு ஆகும்.

அப்துல் ஜலீலுக்கு என் சலாம் சொல்லவும்.

கலீலுல்லா


தாராவி
17-10-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதறேன். படிச்சிட்டுக் கோவப்படறதா இருந்தா பாதியில கிழிக்காதீங்க, முழுசாப் படிச்சிட்டுக் கிழிங்க.

வியாழக்கிழமை நான் ஒன்பதரைக்கே போயி நின்னுட்டேன். ஜெயம்மாள் சாவியை என் முந்தானையில முடிஞ்சு விட்டிருந்தா. அந்தக் கட்டடத்துக்கு நடந்து போற வழி எனக்குத் தெரியும். அதைச் செய்யணும்னுதான் போனேன். இதை நீங்க நம்பணும்.

ரயில்லேர்ந்து கூட்டம் இறங்கிச்சு. ஹாஜராம்மா என்னைப் பார்த்ததும் நேரா வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. "ரஹ்மத்து ஜாடை அப்டியே கீது"ன்னாங்க. ஊரை விட்டு வந்ததுக்கப்புறம் நம்ம பக்கத்துப் பேச்சு பேசுற ஒரு பொம்பளை என்னைக் கட்டிப் புடிச்சது அன்னிக்குத்தான். இப்ராகிம் சாயபு பையைக் கீழ வச்சிட்டு, வூடு பக்கமா, வண்டி புடிக்கணுமான்னு கேட்டாரு.

முந்தானை முடிச்சு என் கையில கீது. ஆனா வாய்ல வேற வந்துடிச்சு.

"எங்க வூடு இங்க இல்லைங்க. ஒரு ஸ்டேஷன் பின்னாடி. தாராவி. பாந்த்ரான்னு சொன்னது பொய்."

சாயபு பையைத் திரும்பக் கையில எடுத்துக்கிட்டாரு. பக்கத்துல ரெண்டு ரயில் வந்துட்டுப் போயிடிச்சு. அப்புறம் அந்தம்மாவைப் பார்த்து, திரும்பி முசாபர்கானாவுக்கே போயிடலாம்னாரு. பொய் சொன்ன வூட்ல சம்பந்தம் வேணாம்னு எனக்குக் கேக்கற மாதிரியே சொன்னாரு. நான் தலை குனிஞ்சு நின்னேன். ஹாஜராம்மாதான், "எனக்குத் தாகமா கீது. இவங்க வூட்ல தண்ணி குடிச்சிட்டுப் போலாம்"னாங்க. அங்கேயே ஸ்டேஷன்ல குழாய் இருந்தது. அதை அவங்களும் பார்த்தாங்க, நானும் பார்த்தேன்.

எங்க சந்துக்குள்ள நுழையும்போது சாயபு கைக்குட்டையை மூக்குல வச்சிக்கிட்டாரு. குத்தம் சொல்ல முடியாது, அன்னிக்குப் புதுத் தோல் வந்து இறங்கியிருந்தது. உங்க மச்சான் வூட்லதான் இருந்தாங்க. அன்னிக்கு வேலைக்குப் போகல. நான் கேக்கல, அவங்களும் சொல்லல. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு சலாம் சொன்னாங்க. சாயபு கையைக் குடுத்தாரு. புடிச்ச கையைக் குனிஞ்சு பார்த்தாரு. உப்புல வெடிச்ச கை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது அண்ணே. விரலுக்கு விரல் கோடு கோடா, காய்ஞ்ச ஏரி மாதிரி இருக்கும்.

தண்ணி குடிச்சாங்க. அப்புறம் டீ. சாயபு இடுப்புல கட்டியிருந்த பெல்ட்டு, ஹஜ்ஜுல உடுத்தற இஹ்ராம் துணிக்கு மேல கட்டிக்கறதுக்காக மெட்ராசுல வாங்கினது, ரெக்சின். அதோட கொக்கி ரயில்லேயே உடைஞ்சுபோயி கயிறு போட்டுக் கட்டியிருந்தாரு. உங்க மச்சான் அதைப் பார்த்துட்டு, "இத்தக் கட்டிக்கினு ரெண்டு மாசம் ஓட்ட முடியாதுங்க"ன்னு சொல்லிட்டு, எழுந்து போயி நல்ல தோலா ஒரு வார் கொண்டுவந்தாங்க. நான் தைக்க உட்கார்ந்தேன். அவங்க அறுத்துக் குடுத்தாங்க. பாஸ்போர்ட்டு வைக்க ஒரு பை, மருந்து வைக்க ஒரு பை. ஹாஜராம்மா என் பக்கத்துல மேல்தட்டுல ஏறி உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்ச்சுக் குடுத்தாங்க. சாயங்காலம் அசர் பாங்கு சொல்ற வரைக்கும் தைச்சோம். அந்த ஓட்டை வழியா வெயில் எங்க மடியில விழுந்து, நகர்ந்து, போயிடிச்சு. அவங்க உப்பங்கழியையே பார்த்துக்கினு இருந்தாங்க. கப்பல்ல போறப்ப இப்படித்தான் இருக்குமான்னு கேட்டாங்க. நான் கப்பலைப் பார்த்ததில்லன்னேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடிச்சு.

போகும்போது சாயபு சம்பந்தப் பேச்சையே எடுக்கல. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் மட்டும் தனியா வந்தாரு. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்காரு. பெல்ட்டு லூசா கீது, இன்னும் ரெண்டு ஓட்டை போடணும்னாரு. உங்க மச்சான் போட்டுக் குடுத்தாங்க. கட்டிப் பார்த்துக்கிட்டு, ஹஜ்ஜுக்குப் போறவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போகணும், மூக்கை மூடிக்கிட்டு வந்ததுக்கு ரெண்டு பேரும் மன்னிக்கணும்னாரு. நான் பதறிப்போயிட்டேன். அப்புறம் உங்க பேச்சை எடுத்தாரு.

"ஒங்க அண்ணன் எங்கிட்ட சொன்ன பொய்ய நான் மன்னிச்சிட்டேன்மா. அது ஒண்ணும் பெரிசில்ல. அவரு ஒன்ன மறைச்சு வச்சாரே, அத்த நான் மன்னிக்க முடியாது. அந்த மன்னிப்பு ஒன்னோடது. கப்பல் திரும்பி வந்ததும், மன்னிச்சிட்டியான்னு ஒன்னத்தான் கேப்பேன். நீ சரின்னா சம்பந்தம்."

சரின்னு சொல்வேனா, மாட்டேனான்னு எனக்கே இப்ப வரைக்கும் தெரியல அண்ணே. அதனாலதான் உங்ககிட்ட மறைக்காம எழுதறேன். நேத்து கப்பல் போயிடிச்சு.

ஷர்பு


786
கள்ளக்குறிச்சி
27-10-1978

தங்கச்சி ஷர்புவுக்கு,

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். கோபமாக எழுதினேன். என் மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்று எழுதினேன். ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால் பெட்டி வரைக்கும் போய், திரும்பி வந்து கிழித்தேன்.

வீட்டில் உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். உன் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரஹ்மத் அழவில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத்தா, அத்தைக்கு பாந்த்ராவுல அவ்ளோ பெரிய வூடு கட்டிக் குடுத்தீங்க. ஒரு கடுதாசி போடலையே" என்றாள். சம்பந்தம் போனாலும் பரவாயில்லை, அத்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்று அவள்தான் சொன்னாள்.

நேற்று கடையில் பச்சமுத்துவும் ராஜாங்கமும் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஒரு குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலேயே சொல்லிவிட்டேன், என் தங்கச்சி இருப்பது பாந்த்ராவில் இல்லை, தாராவியில், மச்சான் தோல் கிடங்கில் வேலை செய்கிறார் என்று. காது இரண்டும் நெருப்பாக இருந்தது. என்ன சொல்லப்போகிறார்கள் என்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜாங்கம், "அப்டியா? எங்க சுபேதார் ஒருத்தர் தம்பிகூட அங்கதான் இருந்தாப்ல, தமிழ் ஆளுங்க ஜாஸ்தியாம்" என்றார். பச்சமுத்து அங்கே மழை எப்படி என்று கேட்டார். அப்புறம் ஆலைக்காரன் இன்னும் வெட்டு உத்தரவு கொடுக்கவில்லை என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான் ஷர்பு. பதினோரு வருஷம் நான் பயந்தது அவ்வளவுதான். அவர்கள் எழுந்து போன பிறகு கல்லாவில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். வழக்கமாக வருகிற அந்த ஜன்னல் வரவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்து எப்படி இருக்கும், மேல்தட்டு எவ்வளவு உயரம், உன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளையாக இருந்தது.

டிசம்பரில் கப்பல் திரும்புகிற நாளைக் கேட்டு எழுது. அவர்களை அழைத்து வர நான் வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன், உங்கள் இருவருக்கும் சம்மதம் என்றால்.

கலீல்


தாராவி
22-12-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த தந்தி கிடைச்சது. தை மாசம் நிக்காஹ்னு முடிவான சேதியும் கிடைச்சது. ரஹ்மத் இப்பவும் சமையல்கட்டுல தனியா சிரிக்கிறாளான்னு எழுதுங்க.

துறைமுகத்துல சாயபு எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டப்ப நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். ரயில் ஏறும்போது நீங்க, "வாயால ஏன் சொல்லல ஷர்பு?"ன்னு கேட்டீங்க. விசில் ஊதிட்டான், நானும் பதில் சொல்லல. இப்ப சொல்றேன்.

கப்பல் வர்றதுக்கு முந்தின நாள் நீங்க வந்தீங்க. ரெண்டு நாள் ரயில், கண்ணு ரெண்டும் சிவந்துபோயிருந்தது. சந்துல நுழையும்போது மூக்கை மூடல, ஆனா மூச்சைப் புடிச்சிக்கிட்டு வந்தீங்க. நான் பார்த்தேன். சோத்துல கை வச்சிட்டு அழுதீங்க. அப்பவும் என் மனசு முழுசா இளகல அண்ணே. இவ்ளோ நாள் கழிச்சு வந்து ஒரு வாய் சோத்துல அழுதுட்டா ஆச்சான்னு உள்ளுக்குள்ள ஒண்ணு கல்லாட்டம் உட்கார்ந்துக்கினு இருந்தது. உங்களுக்கு மேல்தட்டுல பாய் போட்டுக் குடுத்துட்டு நான் தண்ணி புடிக்கப் போயிட்டேன்.

குழாய்ல அன்னிக்குத் தண்ணி மெதுவா வந்தது. திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆயிடிச்சு. வந்து பார்த்தா வூட்ல சத்தமே இல்ல. ஏணியில ரெண்டு படி ஏறி எட்டிப் பார்த்தேன். நீங்க குழந்தை மாதிரி வாயைத் திறந்துக்கினு தூங்கறீங்க. உங்க தலைமாட்டுல உங்க மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. கிடங்குப் பக்கத்து ஈ அந்த நேரத்துல ஜாஸ்தி. கையில ஒரு அட்டையை வச்சிக்கிட்டு உங்க முகத்துல ஈ உட்காராம வீசிக்கினு இருந்தாங்க. வலது கை வலிச்சா இடது கை. வேலைக்குப் போற நேரம் தாண்டிப்போச்சு. ஓட்டை வழியா வந்த வெயில் உங்க ரெண்டு பேர் மேலயும் ஒண்ணா விழுந்திருந்தது. தூசி அதுல பொன்னாட்டம் சுத்திக்கினு இருந்தது. வெளியில ரயில் போச்சு, தட்டு நடுங்கிச்சு, நீங்க அசையல. நான் கனவு காண்றேனோன்னு ஏணியைக் கெட்டியா புடிச்சுக்கிட்டேன்.

எழுப்பட்டுமான்னு சைகை பண்ணேன். வேணாம்னு தலையாட்டிட்டு, மெதுவா, "தூங்கட்டும். பாவம், ரொம்ப தூரம் வந்துக்கீறாரு"ன்னாங்க.

அப்பதான் அந்தக் கல்லு நகர்ந்தது. உங்களால நகரல, அவங்களால நகர்ந்தது. மறுநாள் சாயபு கேட்டப்ப நான் ஆட்டின தலை, பாதி அவங்க தலை. அதனாலதான் தனியா வாயால சொல்ல முடியல.

நீங்க முழிச்சதும் அவங்க அட்டையைப் பாய்க்கடியில தள்ளிட்டு எழுந்து போயிட்டாங்க. உங்ககிட்ட இதைச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சொன்னாங்க. எழுதிட்டேன்.

ரயில்ல ஏறி உட்கார்ந்துட்டு, கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்துடுங்கன்னு என்னைப் பார்த்துச் சொன்னீங்க. அவங்க பக்கத்துலதான் உங்க பெட்டியைப் புடிச்சிக்கினு நின்னாங்க. அவங்க முகத்தைப் பார்த்து நீங்க சொல்லல. கூச்சம்னு எனக்குத் தெரியும். ஆனா இந்த ஒண்ணை நான் உங்களுக்காகச் சொல்லிவிட முடியாது.

அதனால அடுத்த கடுதாசி எனக்கு எழுதாதீங்க அண்ணே. அவங்களுக்கு எழுதுங்க. கவர் மேல அவங்க பேரைப் போடுங்க.

ஷர்பு